ஒரு படம், இரண்டு வட்டங்கள்

எங்கள் வீட்டில் நாடுகளின் பெயரைச் சொல்லிப் பேசுகிற வழக்கம் கிடையாது. சவுதியின் யான்பு நகருக்குக் குடிவந்த புதிதில் என் கணவர் போட்ட சட்டம் அது. சவுதி என்றால் 'வீட்டுக்காரர்'. இந்தியா 'அம்மா வீடு'. பாகிஸ்தான் 'பக்கத்து வீடு'. அமெரிக்கா 'பெரியப்பா'. ஈரானுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம். அதை மட்டும் இங்கே எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. காரில் போகும்போதும், கடற்கரையில் பாயை விரித்து உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போதும், திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் ஃபோனில் பேசும்போதும் இந்தப் பெயர்கள்தான். எங்களைப் போய் யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்று நானே கேலி செய்திருக்கிறேன். ஆனால் துபாய் அல் குசைஸில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டிலும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. பயம் என்று நாங்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். எதுக்கு வம்பு என்போம்.

என் கணவர் இங்கே ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஆபரேட்டர். கோபமே வராத மனிதர். அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். எங்கள் மகள் அப்போது பள்ளியில் கடைசி வகுப்பில் இருந்தாள். பொதுத்தேர்வை இங்கேயே எழுதப் பதிவு செய்திருந்தோம். அவருடைய ஒப்பந்தமும் அந்தப் பருவத்தில்தான் முடிய இருந்தது. புதுப்பித்தால் இருப்போம். புதுப்பிக்காவிட்டால், தேர்வு நடுவில் வந்தாலும் சரி, மூட்டை கட்ட வேண்டும். என் இருப்பும் மகளின் இருப்பும் அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டிருப்பவை. அந்த வருஷம் முழுக்க நான் கும்பிட்ட சாமிக்கெல்லாம் ஒரே ஒரு வேண்டுதல்தான் வைத்தேன்: பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கிறவரை இந்த வேலை நிலைக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரரும் பக்கத்து வீடும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

காலையில் எழுந்ததும் செய்தி பார்ப்பது என் கெட்ட பழக்கம். தோசைக்கல் காய்வதற்குள் உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவேன். ஒரு நாட்டின் மேல் தாக்குதல் நடந்தால் இரண்டு நாடுகளின் மேலும் நடந்ததாக எடுத்துக்கொள்வார்களாம். வாசித்துவிட்டு, டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவரிடம் சொன்னேன்.

"அத்தான், வீட்டுக்காரரும் பக்கத்து வீடும் சம்பந்தி ஆயிட்டாங்க."

அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "எப்ப?" என்றார், யாரோ தெரிந்தவர் வீட்டு விசேஷத்தைக் கேட்பதுபோல.

"நேத்துதான். அடிச்சா ரெண்டு பேரையும் அடிச்ச மாதிரியாம்."

"அப்ப யாரும் அடிக்காம இருந்தா நல்லதுட்டி" என்றார். "சட்னில உப்பு இல்ல."

எனக்கு நாடுகளின் நட்பைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. ஊரில் இருக்கிறவர்கள் அதைக் கல்யாணம் மாதிரி நினைக்கிறார்கள். ஒருத்தரோடு சேர்ந்தால் இன்னொருத்தரை விட்டுவிட வேண்டும் என்று. இங்கே வாடகைக்கு இருந்து பார்த்தவளுக்குத் தெரியும், வீட்டுக்காரர் அப்படி இல்லை. அம்மா வீட்டுத் தலைவர்கள் வந்தால் கட்டிப்பிடித்து வரவேற்பார். கச்சா எண்ணெயை நமக்கும் விற்பார். பெரியப்பாவிடம் ஆயுதம் வாங்குவார். பகையாளியோடு ஒரு நாள் கை குலுக்குவார். இப்போது பக்கத்து வீட்டோடு கையெழுத்து. எல்லாருக்கும் சாவி கொடுப்பார், ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். இதில் யாருக்கு என்ன கோபம் வர இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஆனால் தெருவில் இறங்கினால் வேறு மாதிரி இருந்தது. டாக்ஸிகளின் கண்ணாடியில் இரண்டு கொடிகளும் சேர்ந்து தொங்கின. பக்கத்து வீட்டு ஆட்கள் நடத்தும் ஹோட்டலில் வருகிறவர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. வாங்கிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் வழக்கமாக முகம் மழித்துக்கொள்கிற கடையின் சொந்தக்காரரும் அந்த நாட்டுக்காரர். அந்த வாரம் இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "தாடி விட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வராத ஆசை.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைக் கூப்பிட வரும் அம்மாக்கள் நடுவே பேச்சு வேறு திசையில் போனது. இனிமேல் பக்கத்து வீட்டு ஆட்களுக்குத்தான் காலமாம். பெரிய பெரிய பொறுப்பெல்லாம் அவர்கள் கைக்குப் போகுமாம். நம் ஆட்களின் ஒப்பந்தத்தைச் சத்தமில்லாமல் முடித்து அனுப்பப் போகிறார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் யாரோ சொன்னார்கள். நானும் கேட்டதை இன்னொருத்தியிடம் சொன்னேன். சொல்லும்போதே கொஞ்சம் சேர்த்துத்தான் சொன்னேன்.

இவருடைய ஷிப்ட் சூப்பர்வைசர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சியால்கோட் பக்கம். எங்களை விட வயதில் மூத்தவர். குடும்பம் ஊரில். இவரைத் தினமும் தன் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். இவர் 'பாய் சாப்' என்று கூப்பிடுவார், அவர் இவரை 'பாய்' என்பார்; இரண்டுக்கும் அண்ணன் தம்பி என்றுதான் அர்த்தம். எங்கள் வீட்டு ரசத்தைச் சூப் என்று நினைத்து டம்ளரில் குடிக்கிறவர். இவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று மேலிடம் முதலில் கேட்கப்போவது அவரைத்தான். அவர் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் போதும். சொல்லாவிட்டாலும் போதும், எங்கள் கதை முடிந்தது.

ஆலையில் தொழிலாளர் பாதுகாப்பு தினம் கொண்டாடியபோது இவர்கள் ஷிப்டுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். இவரும் சூப்பர்வைசரும் ஹெல்மெட்டோடு, தோளோடு தோள் ஒட்டி நின்று கேடயத்தைப் பிடித்திருக்கும் படம் ஒன்று உண்டு. கம்பெனி ஆளே எடுத்துக் கொடுத்தது. பின்னால் ஆலையின் உயரமான கோபுரங்களும், கழிவு வாயு எரியும் நெருப்புக் குழலும் தெரியும். அந்த மாதிரிப் படத்தை வெளியே போடக்கூடாது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் எங்கள் குடும்பக் குழுவுக்கு மட்டும் அனுப்பினார். அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று. இங்கே இருக்கிற நாங்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. ஊரில் நம்மைப் பற்றிப் பெருமைப்பட நாலு படம் வேண்டாமா?

ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வாரம் இருக்கும். காலையில் அவரை அனுப்பிவிட்டு, மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஃபேஸ்புக்கைத் திறந்தேன். முதலில் நின்றது அந்தப் படம். என் தம்பி போட்டிருந்தான்.

தம்பிக்குத் திருநெல்வேலி டவுனில் மொபைல் கடை. நல்ல பிள்ளை, ஆனால் ஊர் விவகாரம் எதுவானாலும் கருத்துச் சொல்லாமல் தூக்கம் வராது. படத்தில் சூப்பர்வைசரின் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மேலே எழுதியிருந்தான்: 'வட்டத்தில் இருப்பவர் பாகிஸ்தானி. இவருக்குக் கீழே என் அத்தான் பல வருடமாக உழைக்கிறார். நம் உழைப்பில் வளர்ந்த சவுதி இன்று யாரோடு கை கோத்திருக்கிறது பாருங்கள். இது முதுகில் குத்திய துரோகம்.' கீழே நெருப்புப் படங்களும் கொடிகளும். எங்கள் தெருக்காரர்கள், அவனோடு படித்தவர்கள், யார் யாரோ பாராட்டியிருந்தார்கள். பகிர்ந்துமிருந்தார்கள்.

நம்ப முடியாமல் இன்னொரு முறை வாசித்தேன். வீட்டுக்காரரைத் துரோகி என்று எழுதி, ஆலையின் படத்தோடு, என் கணவரின் முகத்தோடு. இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஆட்கள் மாட்டிக்கொண்ட கதைகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். அவரைக் கூப்பிடலாம் என்றால், ஆலைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். சாயங்காலம்வரை அவரைப் பிடிக்க முடியாது. தம்பியை அழைத்தேன்.

"ஏல, என்னல பண்ணி வச்சிருக்க?"

"பாத்தியாக்கா? செமையாப் போய்ட்டு இருக்கு" என்றான்.

"கூறுகெட்ட மூதி, அத முதல்ல எடு."

"ஏன்க்கா? உண்மையத்தான போட்டிருக்கேன்."

"உன் உண்மை எங்களை ஜெயில்ல கொண்டு விட்டுரும்ல. படத்துல ஆலை தெரியுது. அத்தான் மூஞ்சி தெரியுது."

"அத்தானுக்காகத்தானக்கா போட்டேன். அந்த ஆள் அவரை மிதிச்சிரக் கூடாதுல்லா. நாலு பேரு பாத்தாத்தான் அவனுக்குப் பயம் இருக்கும்."

"பயம் அவருக்கு வராது, எனக்கு வந்திருக்கு."

"நீ அங்க போயி ரொம்ப மாறிட்டக்கா. எல்லாத்துக்கும் பயப்படுத" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கத்தினேன். அவனும் கத்தினான். கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று வைத்துவிட்டான்.

அன்றைக்குப் பகல் முழுவதும் நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சமையலறை அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன். பாஸ்போர்ட் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். மகள் பரீட்சைக்கு முன் ஊருக்குப் போனால் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள், கடைசி வகுப்பில் நடுவில் யார் சேர்ப்பார்கள் என்று யோசித்து யோசித்துத் தலைவலி வந்தது. தம்பி பதிவை எடுத்துவிட்டானா என்று பார்க்கப் போவேன். எடுத்திருக்க மாட்டான், இன்னும் நாலு பேர் பாராட்டியிருப்பார்கள். யாராவது ஒரு அரபிக்காரருக்கோ, தமிழ் தெரிந்த யாராவது ஒரு வயிற்றெரிச்சல்காரருக்கோ இது போய்ச் சேர்ந்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே சூப்பர்வைசர். அவர் முகத்தில் அல்லவா வட்டம். அவர் பார்த்தால் எங்களுக்காக மேலிடத்தில் என்ன சொல்லுவார்?

மாலைத் தொழுகைக்கு அழைப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம். கதவைத் திறந்தேன். என் கணவர் நின்றார். அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர் நின்றார்.

வழக்கமாகக் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறவர். மேலே வந்திருக்கிறார் என்றால் விஷயம் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். இவர் முகத்தைப் பார்த்தேன். எதுவும் கண்டுபிடிக்க முடியாத முகம் அது, எப்போதுமே. சூப்பர்வைசர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். எந்த நாட்டிலும் விசாரணை இப்படித் தண்ணீர் கேட்டுத்தான் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

"பஹன்," என்றார், "மாஃப் கரோ."

என் ஹிந்தி காய்கறிக்கடை ஹிந்தி. ஆனாலும் என்னைத் தங்கை என்று கூப்பிட்டு அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்பது புரிந்தது. அவர் ஏன் கேட்கிறார் என்பதுதான் புரியவில்லை. அவர் ஃபோனை எடுத்து நீட்டினார். அதே படம். அதே கேடயம், அதே கோபுரங்கள். ஆனால் வட்டம் என் கணவரின் முகத்தைச் சுற்றி. பச்சை வட்டம்.

அவருடைய தங்கை மகன் போட்டதாம். ஊரில் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். இவரைப் போலவே அவரும் அந்தப் படத்தைக் குடும்பத்துக்கு அனுப்பியிருந்தார். உருதுவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். அவர் காரில் சொல்லியிருந்ததை என் கணவர் தமிழில் சொன்னார்: "எங்க மாமாவுக்குக் கீழ ஒரு இந்தியன் வேலை பாக்கான். இப்ப ரெண்டு நாடும் ஒண்ணாயிட்டு. இனி இந்தியர்களுக்கு அவங்க இடம் எதுன்னு தெரியும்." இவர் அதைச் சொன்ன தொனி வானிலை அறிக்கை மாதிரி இருந்தது. உண்மையில் இதைவிட மோசமாக எழுதியிருக்கலாம், சூப்பர்வைசர் இவரிடமே குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஷிப்ட் முடிந்து ஃபோனைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதுதான் சூப்பர்வைசரின் மகள் ஊரிலிருந்து இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். வழியெல்லாம் கார் ஓட்டவே முடியவில்லை என்றார். "நான் எடுக்கச் சொல்லிட்டேன், அவன் மாட்டேங்கிறான்" என்றார். "என் வேலை போயிடும் பஹன். பாய் முகம் வேற இருக்கு. பாய்கிட்ட நான் என்ன சொல்றது?"

அப்போது எனக்குப் புரிந்தது. அவருக்கு என் தம்பி போட்ட படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டவராகவே போய்விடுவார். அதற்கப்புறம் இவருடைய ஒப்பந்தத்துக்கு நல்ல வார்த்தை சொல்லாமல் இருப்பாரா? இந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். வந்தது, நல்ல வேளையாக நிற்கவில்லை. பகல் முழுக்க அடக்கி வைத்திருந்த கோபம் அதை முந்திக்கொண்டது. தம்பியின் பதிவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஏட்டி!" என்றார் என் கணவர்.

சூப்பர்வைசர் படத்தை வெகு நேரம் பார்த்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. "க்யா லிக்கா ஹை?" என்றார், என்ன எழுதியிருக்கிறது என்று. "உங்களோடு இவர் வேலை செய்கிறார், தம்பிக்கு அக்கறை, அவ்வளவுதான்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வட்டத்தின் மேல் விரலை வைத்து, "இதுக்கு மொழி தேவையில்லையே பஹன்" என்றார். அப்புறம் சிரித்தார். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் தப்பு. பக்கத்து வீட்டுப் பையனும் இப்படிப் போட்டிருக்கிறான், இரண்டு பேரும் ஒரே முட்டாள்தனத்தைச் செய்திருக்கிறீர்கள் என்று சொன்னால் தம்பிக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன். அவனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். 

"அத்தான் மூஞ்சில வட்டம் போட்டானா?" என்றான்.

"ஆமாம். அதான் சொல்லுதேன், நீயும் எடு, அவனும்—"

"இப்ப எடுக்க மாட்டேன்க்கா. அவன் எடுக்கட்டும் முதல்ல. நாம எடுத்தா பயந்துட்டோம்னு ஆயிரும்."

சூப்பர்வைசரும் தன் ஃபோனில் தங்கை மகனைப் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு இளங்குரல் கத்துவது கேட்டது. என் கணவர் எனக்காகச் சொன்னார்: "இந்தியாக்காரன் முதல்ல எடுக்கணுமாம்." எங்கள் வரவேற்பறையில் இரண்டு ஃபோன்களும் டீப்பாயின் மேல் கிடந்தன, இரண்டு நாடுகளும் அதற்குள்ளிருந்து மாறி மாறிக் கத்தின. திருநெல்வேலி டவுனில் மொபைல் விற்கிறவனும் சியால்கோட்டில் வேலை தேடுகிறவனும். அவர்களில் ஒருத்தனையும் யாரும் படையில் சேர்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் நடுவில் உட்கார்ந்து, கெஞ்சினோம். சூப்பர்வைசர் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், தங்கையைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார். என் அம்மா தம்பியின் ஃபோன் வழியே, "சண்டை போடாதீங்கய்யா" என்று யாரிடம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "வாட் இஸ் கோயிங் ஆன்?" என்றாள். "போய்ப் படி" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம், ஆளுக்கொரு மொழியில்.

கடைசியில் என் கணவர்தான் ஃபோனைக் கையில் எடுத்தார்.

"மாப்பிள, அத்தான் பேசுதேன். படத்துல பின்னால நெருப்பு எரியுது பாரு, தெரியுதா?"

"தெரியுது அத்தான்."

"அது தெரியுற படத்த வெளிய போட்டா, பிடிக்க வாரவன் பாஸ்போர்ட் பாத்துட்டுப் பிடிக்க மாட்டான். அவரையும் பிடிப்பான், என்னையும் பிடிப்பான். உன் மருமக பரீட்சை எழுத முடியாது. அவ்வளவுதான். யாரு முதல்லங்கிறத நீங்க ரெண்டு பேரும் பின்னால பேசிக்கிடுங்க."

 சூப்பர்வைசர் இதையே தன் ஆளிடம் உருதுவில் சொன்னார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் முதலில் எடுக்க வேண்டாம். இரண்டு பேரும் விரலைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும், தான் அரபியில் 'யல்லா', அதாவது 'ம், ஆகட்டும்' என்று சொன்னதும் இரண்டு பேரும் ஒன்றாக எடுக்கட்டும் என்றார். அவர் "யல்லா!" என்று கத்தினார். நான் இரண்டு பதிவுகளையும் இரண்டு ஃபோன்களில் திறந்து வைத்திருந்தேன். பச்சை வட்டம் போனது. சிவப்பு வட்டம் போனது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம், நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் ரசம் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு இரண்டாவது டம்ளரும் கேட்டார்.

எடுத்தால் போனதா? பகிர்ந்தவர்களிடம் இருந்ததை யார் எடுப்பது? அதற்கப்புறம் வந்த வாரங்களில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுக்கவில்லை. வாசலில் தண்ணீர்க் கேன் போடுகிறவர் மணி அடித்தால்கூட முதலில் ஜன்னல் வழியே கீழே என்ன வண்டி நிற்கிறது என்று பார்த்தேன். அவர் டியூட்டி முடிந்து வர நேரமானால், இன்றைக்குக் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிடுவேன். அவருடைய தாடி நன்றாக வளர்ந்து, பாதி வெள்ளையாக இருந்தது. அது பயத்தில் வளர்ந்த தாடி என்று சொல்லிக் கிண்டல் செய்தேன். அவர் மறுக்கவில்லை. தம்பியோடு நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவன் குடும்பக் குழுவில் காலை வணக்கம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு நாள் இவருடைய ஒப்பந்தம் புதுப்பித்து வந்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். மகள் இங்கேயே பரீட்சை எழுதலாம். சூப்பர்வைசர்தான் நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்து, அவருக்குப் பிடித்த பாயசம் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னபோது இவர் பாத்திரத்தை வாங்கவில்லை.

"அவருக்கு வரலட்டி" என்றார்.

சூப்பர்வைசரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்த இடத்துக்கு இந்த நாட்டு இளைஞர் ஒருவரைப் போடுகிறார்களாம். அது இங்கே எங்கும் நடப்பதுதான். ஆனால் அதுதான் காரணமா, வேறு யார் கண்ணிலாவது அந்தப் படம் பட்டதா, பச்சை வட்டமா சிவப்பு வட்டமா, எதுவும் தெரியாது. யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். எங்களுக்கு வந்துவிட்டது என்ற நிம்மதி. அது போய் வெட்கம் வர ஒரு நாள் ஆனது.

கிளம்புவதற்கு முன்னால் விடைபெற வந்தார். பெட்டிகளை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். தங்கை மகன் என்ன சொல்கிறான் என்று என் கணவர் கேட்டார். "ரெண்டு நாடும் இப்ப ஒண்ணு, எனக்கு அங்க ஒரு வேலை பாத்துக் குடுங்க மாமான்னு கேக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். என் தலையில் கை வைத்து ஏதோ சொல்லி ஆசீர்வதித்தார். மகளிடம் நன்றாகப் பரீட்சை எழுதச் சொன்னார். இவரும் அவரும் வாசலில் கட்டிப்பிடித்து நின்றார்கள். நான் உள்ளே போய்விட்டேன், பார்க்க முடியவில்லை.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மத்தியானமே அழைத்துவிட்டான், எங்களுக்குள் பேச்சு இல்லை என்பதையே மறந்து. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எக்கா! அவனை அனுப்பிட்டாங்களாமே! அத்தானுக்குக் கிடைச்சிருச்சு, அவனுக்கு இல்ல!" அவன் குரல் கூத்தாடியது. "எவ்வளவு கையெழுத்துப் போட்டாலும் கடைசில ஜெயிச்சது நாமதான்க்கா!"

 என் கணவர் எச்சில் கையைத் தட்டில் வைத்துவிட்டு, ஃபோனின் பக்கம் குனிந்தார்.

"யாரு மாப்பிள ஜெயிச்சது?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாமல், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டதுபோல் இருந்தது.  அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். சோறு தட்டில் காய்கிறவரை காத்திருந்தார்.